கட்டைவிரலை எங்கே வைப்பது?

கச்சேரி முடிந்து இறங்கினால் பாடகரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். டிரம்ஸ்காரரைச் சுற்றி விடலைப் பையன்கள் நிற்பார்கள். என்னிடம் வருகிறவர் பெரும்பாலும் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவராக இருப்பார். "தம்பி, நீங்களும் ராத்திரி பூரா கையை ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க. சத்தம் ஒண்ணும் காணோமே, என்னதான் வாசிச்சீங்க?" என்பார். கோபித்துக்கொள்ள வழியில்லை. 1980களின் கடைசியில் குன்னம், செந்துறை, வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் பேஸ் கிட்டார் சனங்கள் காதுக்குப் போய்ச் சேரவே சேராது. புளியமரத்திலும் மின்கம்பத்திலும் குழாய் கட்டியிருப்பார்கள். குழாய் என்றால் கூம்பு ஒலிபெருக்கி. பேச்சுக்கும் பாட்டுக்குரலுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும். ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அதற்குத் தொண்டையே கிடையாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியான ஈ ஸ்ட்ரிங்கைச் சும்மா மீட்டினால் வருவது சுமார் 41 ஹெர்ட்ஸ். குழாயைப் பொறுத்தவரை அது வாசிக்காத சுரம்தான்.

நான் படித்தது திருச்சி மேலப்புதூர்ப் பக்கம், சர்ச் பாடகர் குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாஸ்டரிடம். அவர் அடிப்படையில் லீட் கிட்டார்காரர். பேஸுக்கு அவர் சொன்ன வலதுகைப் பாடம் ஒரே வரி: "கட்டைவிரலைப் பிக்கப் மேல வையி, அது அங்கயே கிடக்கட்டும், சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கட்டும்." பிக்கப் என்றால் கம்பிகளுக்கு அடியில் அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பட்டை. நல்ல பாடம்தான். இன்றைக்கும் புதிதாக வருகிற பையன்களுக்கு நானும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கட்டைவிரல் ஓரிடத்தில் ஊன்றினால் மற்ற விரல்களுக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், பார்க்க வேண்டியதில்லை. "அங்கயே கிடக்கட்டும்" என்ற பாதி மட்டும் எங்கள் பக்கத்து மேடைகளில் செல்லுபடியாகவில்லை.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் வாத்தியக்காரர் இல்லை, அரியலூர்ப் பக்கத்து மைக்செட்காரர் ஒருவர். சாயங்காலம் செக்கிங்கில் நான் ஏதோ தடவிக்கொண்டிருந்தபோது அவர் தூரத்தில் குழாய்க்கடியில் நின்றிருந்தார். "அண்ணே, இப்ப கை பின்னாடி இருந்துச்சே, அப்ப மட்டும் கேட்டுச்சு. அங்கயே வச்சு வாசிங்க" என்று கத்தினார். கை பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் வால்முனையைத் தாங்கும் தகட்டுக்கு, பக்கத்தில் இருந்திருக்கிறது.

காரணம் சாதாரணம். கம்பியைக் கழுத்துப் பக்கம் மீட்டினால் அடிச்சுரம் உருண்டு வரும், மேல்சுரங்கள் குறையும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக அடிச்சுரம் மெலிந்து மேல்சுரங்கள் முன்னுக்கு வரும். குழாய் அந்த மேல்சுரங்களைத்தான் கடத்தும். அவை வந்துவிட்டால் அடிச்சுரம் எதுவாக இருக்கும் என்று காது தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். பழைய டெலிபோன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது, ஆனாலும் கட்டைக்குரல் மாமா பேசினால் அது மாமாதான் என்று நமக்குத் தெரிந்ததே, அதே சங்கதி.

ஆனால் அங்கே கட்டைவிரலை ஊன்ற இடமில்லை. என்னிடம் இருந்தது பழைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைப் பார்த்துச் செய்த கிட்டார், இரண்டாம் கையாக வாங்கியது. அந்த அமைப்பில் பிக்கப் நடுவில்தான் இருக்கும், பிரிட்ஜ் வரை மொட்டை மரம். தெருக்கோடித் தச்சரிடம் சொல்லி ஒரு விரல் அகலத்துக்குத் தேக்குத் துண்டு ஒன்றைச் செதுக்கி, ஈ ஸ்ட்ரிங்குக்கு மேலே, பிரிட்ஜிலிருந்து நாலு விரல் தள்ளித் திருகிக்கொண்டேன். கம்பி அங்கே விறைப்பாக இருக்கும், பலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் விரல்நுனி கொப்பளித்தது. ஆனால் அடுத்த சீசனில் சிறுவாச்சூர்ப் பக்கம் வாசித்தபோது ஒரு சின்னப் பையன், "அந்த டொய்ங் டொய்ங் நீங்கதானே?" என்று கேட்டான். அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் உசத்தி.

தச்சர் அந்தத் துண்டைத் திருகும்போது கேட்டார்: "ஏங்க, இதுமாதிரி ஒண்ணு ஏற்கெனவே கீழ இருக்கே, அது எதுக்கு?" உண்மைதான். கம்பிகளுக்குக் கீழே, மெல்லிய ஜி ஸ்ட்ரிங் பக்கம், ஒரு கட்டை முன்பே இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அழகுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தோம். லியோ ஃபெண்டர் 1951ல் இந்தக் கருவியைக் கொண்டுவந்தபோது அது கட்டைவிரலால் வாசிக்கப்படும் என்று எண்ணித்தான் அந்தக் கட்டையை அங்கே வைத்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. மற்ற நாலு விரலும் கட்டையைப் பிடித்துக்கொள்ள, கட்டைவிரல் கீழ்நோக்கித் தட்டும். வாசிக்கிறவர்கள் அப்படி வாசிக்கவில்லை, சுட்டுவிரலையும் நடுவிரலையும் கொண்டுவந்தார்கள். 1970களின் நடுவில் கம்பெனியும் வழிக்கு வந்து கட்டையை மேல்பக்கம், கட்டைவிரல் ஊன்றும் இடத்துக்கு மாற்றியது. எங்கள் தெருத் தச்சர் செய்ததும் அதுதான்.

கீழ்க்கட்டை வீண் போகவில்லை. எங்கள் குழுவில் முதல் ஒரு மணி நேரம் பக்திப் பாடல், அடுத்து பெரியவர்களுக்காக விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாடல்கள். கோடம்பாக்கத்தில் அந்தப் பாடல்கள் பதிவானபோது அடியில் வாசித்தது பெரும்பாலும் டபுள் பேஸ், ஆள் உயரம் நின்று வாசிக்கிற அந்தப் பெரிய வயலின் ஜாதிக் கருவி. அதில் சுரம் "தும்" என்று விழுந்து சட்டென்று செத்துவிடும். பேஸ் கிட்டாரில் இரண்டு விரலால் வாசித்தால் சுரம் நீண்டுகொண்டே போய்ப் பாட்டின் வயசையே கெடுக்கும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் லேசாகச் சாய்த்து, கட்டைவிரலின் சதையால் தட்டினால் அந்தத் "தும்" வந்துவிடும். நகம் படக்கூடாது. உள்ளங்கை ஒரு நூல் முன்னே போனால் சுரமே இருக்காது, வெறும் கொட்டு. ஒரு நூல் பின்னே போனால் மறுபடி நீளும். கீழ்க்கட்டையைப் பிடித்துக்கொண்டால் அந்த ஒரு நூலைக் காப்பாற்றலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பாட்டே கேட்டு வாங்கிக்கொண்டது.

பாட்டுப் பாடம் பண்ணுவது தனிக் கதை. கேசட்டில் பேஸ் கேட்காது, வீட்டில் இருந்த மோனோ டேப் ரெக்கார்டரில் சுத்தமாகக் கேட்காது. ஊரில் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் கவிழ்த்துவிடுவது. பானை கொஞ்சம் பெரிதாக இருந்தால் அடிச்சுரம் திரண்டு வரும். இளையராஜா பாடல்களை நான் கற்றது அந்தப் பானையில்தான். 1976ல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் சின்னப் பையன், நாட்டுப்புற மெட்டு என்று பெரியவர்கள் கொண்டாடியதுதான் ஞாபகம். பானையில் காது வைத்த பிறகுதான் அவர் பேஸுக்கு எழுதுகிற தோரணை புரிந்தது. மற்றவர்கள் பாட்டில் பேஸ் தாளத்தோடு நடக்கும். அவர் பாட்டில் அது பாடகருக்கு எதிரே உட்கார்ந்து இன்னொரு பாட்டுப் பாடும். அந்த ரெக்கார்டிங்குகளில் பல வருஷம் பேஸ் வாசித்தவர் சசிதரன். எங்கள் வட்டாரத்தில் பேஸ் பிடித்த எவனும் முதலில் அவரைத்தான் பிடித்தான்.

கட்டைவிரல் அசைய ஆரம்பித்ததும் அந்தப் பாடல்களால்தான். கம்பிகள் மேலிருந்து கீழே ஈ, ஏ, டி, ஜி. சுரம் ஈ ஸ்ட்ரிங்கில் தொடங்கும், அடுத்த அடியில் ஜி ஸ்ட்ரிங்குக்குத் தாவும், உடனே திரும்பும். கட்டைவிரல் மேலேயே ஊன்றி நின்றால் ஜி ஸ்ட்ரிங்கைத் தொட விரல்கள் நீள வேண்டும், மணிக்கட்டு மடங்கும், சத்தமும் மெலியும். அதைவிடப் பெரிய தொல்லை, வாசிக்காத கம்பிகள் தாமாக அதிர்வது. சுட்டுவிரல் டி ஸ்ட்ரிங்கை மீட்டிவிட்டு வந்து ஏ ஸ்ட்ரிங்கில் சாயும், அதனால் ஏ வாய் மூடும். ஈ-யை மூட யாருமில்லை. ஜி-யை மீட்டினால் விரல் டி-யில் சாயும், ஏ-யும் ஈ-யும் திறந்து கிடக்கும்.

குழாய்க் காலத்தில் இது யாருக்கும் கேட்காது. 1990களில் பெட்டி ஸ்பீக்கர் வந்ததும் வினையாக வந்தது. எங்கள் பக்கம் பல ஊர்களில் மேடை என்பது இரண்டு டிராக்டர் டிப்பரை ஒட்டி நிறுத்தி மேலே பலகை பரப்பியது. சில இடங்களில் தார் டிரம் மேல் பலகை. பெட்டியையும் அதன்மேலேயே தூக்கி வைத்துவிடுவார்கள். பெட்டி அதிர, பலகை அதிர, நான் நிற்கிற இடம் அதிர, மூடாமல் விட்ட ஈ ஸ்ட்ரிங் தானாக முனக ஆரம்பிக்கும். அந்த முனகல் பிக்கப் வழியாகப் பெட்டிக்குப் போய் இன்னும் பெரிதாகி வரும். கொஞ்ச நேரத்தில் "ஊம்ம்ம்" என்று மேடையே ஊளையிடும். பாடகர் திரும்பிப் பார்ப்பார், கீபோர்டுகாரர் மைக்செட்காரரைப் பார்ப்பார், மைக்செட்காரர் என்னைப் பார்ப்பார்.

வழி ஒன்றுதான். விரல்கள் ஏ ஸ்ட்ரிங்குக்குப் போகும்போது கட்டைவிரல் பிக்கப்பை விட்டு இறங்கி ஈ மேல் படுக்க வேண்டும். டி, ஜி பக்கம் போகும்போது கட்டைவிரல் ஏ-க்கு இறங்கி, அதன் பக்கவாட்டுச் சதை ஈ-யில் சாய வேண்டும். இப்படி வாசிக்காத கம்பிக்கெல்லாம் ஒரு காவல். ஊன்றுவதாக எண்ணி அழுத்தக்கூடாது, கம்பி அதிராத அளவுக்குக் கிடந்தால் போதும். வெளிநாட்டில் இதற்குப் பள்ளிக்கூடமே உண்டு, பேரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு டிப்பர் மேடைதான் பள்ளிக்கூடம். இதில் உபரி லாபம் ஒன்றும் கிடைத்தது. ஜெனரேட்டர் கரண்டில் எர்த் சரியில்லாத ஊர்களில் கையை எடுத்தால் கிட்டார் "ஙொய்ய்" என்று இரையும், கம்பியைத் தொட்டதும் அடங்கும். கட்டைவிரல் எப்போதும் கம்பிமேல் இருந்துவிட்டால் பாட்டுக்கு நடுவிலும் அது அடங்கியே இருக்கும்.

பெட்டி வந்ததில் தச்சர் செய்த தேக்குத் துண்டுக்கும் வேலை போயிற்று. பிரிட்ஜ் பக்கத்து வாசிப்பு பெட்டியில் தகரம் தட்டினதாகக் கேட்டது. கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். துண்டைக் கழற்றின இடத்தில் இரண்டு ஓட்டை இன்னும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மானிட்டர் என்ற பேச்சே இல்லை. மேடையில் என் சத்தம் எனக்கே கேட்காது. கேட்காதவன் என்ன செய்வான்? ஓங்கி இழுப்பான். ஓங்கி இழுக்கிற ஒவ்வொரு முறையும் அந்த விசையைத் தாங்கிக்கொள்வது ஊன்றின கட்டைவிரல்தான். ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்து விடிய விடிய வாசித்தால் கட்டைவிரலின் அடிமூட்டு காலையில் டீ டம்ளரைப் பிடிக்க விடாது. கூடவே வாரைத் தொங்கவிட்டு, கிட்டாரை முழங்கால்வரை இறக்கிக்கொள்கிற பாணி வேறு. கிட்டார் இறங்க இறங்க வலது மணிக்கட்டு கொக்கியாக மடங்கும். என் வயதுக்காரர்களில் பேஸை விட்டுவிட்டு ரிதம் பேடுக்குப் போனவர்கள் சிலரை அனுப்பியது கைவலிதான், ரசனை மாற்றம் இல்லை. கட்டைவிரல் கம்பிமேல் மிதக்கப் பழகியவர்களுக்கு அந்த வலி குறைவு. வாரை நாலு ஓட்டை ஏற்றிக் கட்டினால் பாதி தீரும். பார்க்க ஸ்டைல் போய்விடும், பரவாயில்லை.

விடிய விடியக் கச்சேரி ஒழிந்தது சட்டத்தால். 2000ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கொஞ்ச வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை, பிறகு போலீஸ் பர்மிஷன் கடிதத்திலேயே நேரம் எழுதி வந்தது, கூம்புக் குழாயும் கூடாது என்றும் எழுதி வந்தது. கமிட்டிக்காரர்கள் ஆறு மணிக்கே மேடை ஏறச் சொன்னார்கள். ஊர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரத்தில் நாங்கள் மங்களம் பாடினோம். ரசிகனுக்கு நஷ்டம், என் மூட்டுக்கு லாபம். இடையில் எங்கள் நோட்டீஸ்களும் மாறின. திருச்சி மாவட்டம் என்று அச்சடித்தோம், 1995ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது, 2001ல் அரியலூர் பிரிந்தது, மறு வருஷமே சேர்ந்தது, 2007ல் மறுபடி பிரிந்தது. குழுவின் பேனர் எழுதினவருக்கு நல்ல வருமானம்.

கச்சேரி எத்தனை என்பதை முடிவு செய்தது சட்டமும் இல்லை, சங்கீதமும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் விலை ஏறின வருஷம் சித்திரையில் டேட் கிடைக்காது. மக்காச்சோளமும் பருத்தியும் கவிழ்ந்த வருஷம் "அண்ணே, இந்தத் தடவை நாலு பேரா வாங்க" என்பார்கள். நாலு பேர் என்றால் முதலில் கழற்றிவிடப்படுவது பேஸ்காரன்தான். சிமெண்ட் ஆலைப் பக்கத்து ஊர்கள் தாராளம், ஆனால் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி கம்பியின் சுற்றுகளுக்குள் புகுந்து வியர்வையோடு கட்டிக்கொள்ளும். சத்தம் மழுங்கிவிடும். புதுக் கம்பி செட்டுக்குக் காசு இல்லாதபோது பழசைக் கழற்றிக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டுவோம். ஒரு வாரத்துக்குப் பளிச்சென்று இருக்கும்.

1992ல் ரகுமானின் 'ரோஜா' வந்தது. கேசட்டில் பேஸ் நேராகவே கேட்டது, பானை தேவைப்படவில்லை. ஆனால் அது பாதிக்கு மேல் சிந்தசைசர் பேஸ், நாலு கம்பியில் ஈ-க்குக் கீழே இல்லாத சுரங்களுக்கு அலட்டாமல் இறங்கும். ஈ ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி டி ஆக்கிச் சமாளித்தோம், அடுத்த பாட்டுக்கு மறுபடி முறுக்கினோம். லப்பைக்குடிகாட்டு நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஐந்து கம்பி யமஹா ஒன்று கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஐந்தாவது கம்பி தடித்த பி, சுமார் 31 ஹெர்ட்ஸ். ரகுமான் மேடைகளில் கீத் பீட்டர்ஸ் வாசிப்பதைப் பிறகு வீடியோவில் பார்த்தபோது, கீழே போகிற சுரத்தை எவ்வளவு நிதானமாக நிறுத்துகிறார் என்பதையே கவனித்தேன். கீழே போவது எல்லோராலும் முடியும், நிறுத்துவதுதான் பாடு. ஐந்து கம்பியில் கட்டைவிரலுக்கு வீடே பி ஸ்ட்ரிங்தான். அது அங்கே கிடந்தால் பி பேசாது. பி-யை வாசிக்க வேண்டிய நொடியில் மட்டும் பிக்கப்புக்கு ஏறிவிட்டு இறங்கும். நாலு கம்பியில் பழகின கை இதற்கு ஒத்துவர எனக்கு ஒரு சீசன் முழுதும் பிடித்தது.

கட்டைவிரலால் அறைந்து வாசிக்கிற ஸ்லாப் பாணியும் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. அமெரிக்காவில் லாரி கிரஹாம் தம் அம்மாவோடு டிரம்ஸ் இல்லாமல் வாசித்தபோது, அந்தக் குறையை ஈடுகட்டக் கம்பியைக் கட்டைவிரலால் அறைய ஆரம்பித்தாராம். எனக்கு அதில் பெரிய மோகம் இல்லை. டிரம்ஸும் ரிதம் பேடும் தபேலாவும் ஒருசேர முழங்குகிற மேடையில் நானும் எதற்கு அறைய வேண்டும்? பையன்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு பாட்டில் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

இப்போது வருகிற பையன்கள் போனில் பார்த்துக் கற்கிறார்கள், விரல்கள் என்னுடையதைவிட வேகம். டெட்ராய்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால் மோடவுன் கம்பெனிக்கு அத்தனை பாட்டு வாசித்தார் என்று எனக்கே பாடம் சொல்கிறார்கள். சந்தோஷம்தான். "சார், கட்டைவிரலை ஊன்றுவது சரியா, மிதக்கவிடுவது சரியா?" என்று அரியலூர் சர்ச்சில் வாசிக்கிற ஒரு பையன் கேட்டான். நான் பதிலுக்கு, "உங்க சர்ச்சில் சப் எங்கே வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. இரண்டு சப்-ஊஃபரும் பலிபீடப் படிக்குக் கீழே, அவன் நிற்கிற மரத்தளத்தை ஒட்டி இருந்தன. தரைக்குத் தள்ளி வைக்கச் சொல்லி, ஈ ஸ்ட்ரிங் மேல் கட்டைவிரலைப் போட்டு அதே பாட்டை வாசிக்கச் சொன்னேன். முனகல் நின்றது. ஊன்றுவதா மிதப்பதா என்று அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை, என்ன விலைக்கு வார் கிடைக்கும் என்று கேட்டான்.

பெரும்பாலான கச்சேரிகளில் பேஸ் இப்போது கீபோர்டுகாரரின் இடது கையில் இருக்கிறது, இல்லையென்றால் லேப்டாப் டிராக்கில். செலவு மிச்சம், முனகலும் இல்லை, குறை சொல்ல மாட்டேன். எனக்கு வருவது சர்ச் விழாக்களும், பழைய பாட்டு மட்டும் கேட்கிற சில கல்யாண வீடுகளும்தான். போன தை மாதம் திருமானூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாப்பிள்ளையின் தாத்தா அறுபதுகளின் பாட்டுதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். நாலு கம்பிக் கிட்டாரையே எடுத்துப் போயிருந்தேன். கீழ்க்கட்டையைப் பிடித்து, உள்ளங்கையைச் சாய்த்து, கட்டைவிரலாலேயே முழுக் கச்சேரியையும் வாசித்தேன். தாத்தா பணம் கொடுக்கும்போது பேரம் பேசவில்லை.